பூட்டுள்ள வழியில் வருக

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி முடிகிற தறுவாயில், கோயமுத்தூரில் இருந்த மண்டல நீரேற்று இயந்திர நற்சான்று வாரியம் நவீன யுகத்துக்குள் காலடி எடுத்து வைத்தது. ராகு காலம் கழித்து, வலது காலைத்தான் வைத்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வாரியத்தின் வேலை ரொம்பச் சின்னது. கோயமுத்தூரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு பம்புசெட் பட்டறையின் தகரத்தில்தான் விழும். அத்தனை பட்டறைக்காரர்களும் தங்கள் பம்பை வாரியத்திடம் காட்டி, "இது தண்ணீர் இறைக்கும்" என்று ஒரு காகிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். காகிதம் இல்லாத பம்பும் தண்ணீர் இறைக்கத்தான் செய்தது. ஆனால் அப்படி இறைத்த தண்ணீரை வாரியம் தண்ணீராக ஏற்றுக்கொண்டதில்லை.

வாரியத்தின் செயலர் ஈஸ்வரமூர்த்தி, பெங்களூரில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய், ஒரு தோள்பையும் ஒரு பேனாவும் 'பாதுகாப்பு' என்ற ஒரு வார்த்தையுமாகத் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் விழித்தபோது மேடையில் யாரோ அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அப்படியே பிடித்துக்கொண்டார்.

அப்போது ஊரே டாட் காம் கிறுக்குப் பிடித்துக் கிடந்தது. கல்யாணப் பத்திரிகையில் டாட் காம், காதுகுத்துப் பத்திரிகையில் டாட் காம். காந்திபுரத்தில் ஓர் இளநீர் வண்டியில்கூடப் பெரிதாக எழுதியிருந்தது. எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டால், வண்டிக்காரர் வண்டியையே காட்டினார். இப்படி ஒரு காலத்தில் வாரியம் மட்டும் சும்மா இருக்குமா? பத்தொன்பது பத்தியில் ஓர் அறிவிக்கை வந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: இனி விண்ணப்பங்கள் யாவும் இன்டர்நெட் வழியாக, அதுவும் பூட்டுள்ள வழியாக மட்டுமே பெறப்படும். நேரில் வருவோர் வராதவர்களாகவே கருதப்படுவார்கள்.

இந்த அறிவிக்கை போய் இடித்தது கணபதியில் பட்டறை வைத்திருந்த ராமுலுவின் தலையில்.

ராமுலு இருபத்திரண்டு வருஷமாகப் பம்பு செய்கிறவர். ஆனால் அவர் பெயரில் ஒரு பம்பு கிடையாது. அவர் வார்த்து, கடைந்து, மோட்டாருக்குக் கம்பி சுற்றி, ஓட்டிப் பார்த்து அனுப்புவார். பெரிய கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயர்த்தகட்டை அடித்து விற்பார்கள். ஊரில் பாதிக் கிணற்றில் அவர் பம்புதான் ஓடியது, யாருக்கும் தெரியாது. அந்த வருஷம்தான் சத்தியமங்கலத்து விவசாயிகள் சங்கம் ஒன்று, "உங்க பேரிலேயே நாப்பது பம்பு குடுங்க" என்று கேட்டது. ராமுலு ஒரு வாரம் தூங்கவில்லை. புது அச்சு செய்து, பம்பின் உடம்பிலேயே புடைப்பு எழுத்தாக 'ராமுலு' என்று வருகிற மாதிரி நாற்பதையும் வார்த்துவிட்டார். தகடு என்றால் எவனாவது பெயர்த்துவிடலாம். வார்ப்பில் வந்த பெயரை யார் பெயர்ப்பது?

அவர் மனைவி பங்காரம்மா முதல் பம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் உங்க பேரு எழுத்துல வர்றது இதுதானுங்க ரெண்டாந்தடவை" என்றாள். கிண்டல்தான். ஆனால் இரண்டு முறை தடவினாள்.

சங்கத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வாரியச் சான்று வேண்டும், சான்றில் உள்ள பெயரும் பம்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலையில் ராமுலு சத்தி ரோட்டில் இருந்த கதிர்வேலின் பிரௌசிங் சென்டருக்குப் போனார். மோடம் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமி, கீச்சிட்டு, அழுது ஓய்ந்தபின் வாரியத்தின் பக்கம் திறந்தது. திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பூட்டுப் படம், அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு அடையாளமாக.

"பூட்டு உழுந்துருச்சுங்கண்ணா. நம்ம பக்கம் எல்லாம் பத்திரம்" என்றார் கதிர்வேல்.

அறுபத்துநான்கு கேள்விக்கும் பதில் அடித்து, பொத்தானை அழுத்தினார்கள். இங்கிலீஷில் ஒரு வாசகம் வந்தது. கதிர்வேல் படித்து அர்த்தம் சொன்னார். "நீங்க பூட்டில்லாத வழியா வந்துருக்கீங்களாமா. பூட்டுள்ள வழியா வர்றதுக்கு இங்க அழுத்தோணுமாமா."

"அதான் பூட்டு இருக்குதே கதிர்வேலு?"

"இருக்குதுங்க. எதுக்கும் அழுத்திப் பாப்பமுங்க."

அழுத்தினார். மூலையில் இருந்த பூட்டு வாயைப் பிளந்தது. உடனே யாரோ அதட்டின மாதிரி மறுபடி மூடிக்கொண்டது. திரையில் பழைய வாசகமே நின்றது: பூட்டில்லாத வழியில் வந்துள்ளீர்கள்.

"ஏனுங்கண்ணா, இது இவங்க குடுத்த வழிதானுங்க. இந்த வழியே பூட்டில்லாத வழியா இருக்குது. அதுல போனா வாசல்ல ஒருத்தன் நிறுத்தி, பூட்டுப் போட்டு உள்ள உடறான். உள்ள இருக்கறவன், பூட்டு எங்கடாங்கறான்."

"ரெண்டு பேரும் ஒரே ஆபீஸுதான?"

"அதனாலதானுங்க."

நூற்று நாற்பத்திரண்டு தடவை அழுத்தினார்கள். நூற்று நாற்பத்து மூன்றாவது தடவைக்கு, மவுஸ் என்கிற எலியின் பொத்தான் உள்ளே போனது, வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ராமுலு வாரியத்துக்கே போனார். வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"நேர்ல வந்தவங்க வராதவங்கங்க. சர்க்குலர் வந்துருக்குது."

"அப்ப இங்க நின்னுட்டு உங்ககூடப் பேசறது யாருங்க?"

வாட்ச்மேன் யோசித்தார். "அதப் பத்தி சர்க்குலர்ல ஒண்ணும் போடலீங்க."

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து செயலர் ஈஸ்வரமூர்த்தியின் குரல் கேட்டது. வாரியத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. முதல்தரச் சான்று பெற்ற பம்பு, சான்றை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு நின்றுபோயிருந்தது. கழிவறைப் பக்கம் போய்த் திரும்பிய செயலர், "மெக்கானிக் எவனும் இல்லையா இந்த ஊரில்?" என்று கத்திக்கொண்டிருந்தார். ராமுலு மடித்துக் கட்டிய வேட்டியும் கையில் ஒரு ஸ்பானருமாக நின்றார். வாட்ச்மேன் விலகி வழிவிட்டார். விண்ணப்பதாரர்தான் வரக்கூடாது. மெக்கானிக் வரலாம்.

பம்பைக் கழற்றியபடியே ராமுலு தன் குறையைச் சொன்னார். செயலர் மெக்கானிக்கிடம் மட்டும் பேசுவதாக நினைத்துக்கொண்டு பதில் சொன்னார். பிறகு, கம்ப்யூட்டர் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த கம்பெனியிலிருந்து வந்திருந்த நந்திதா என்ற பெண்ணைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்" என்றார் செயலர். "அதனால்தான் எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை."

நந்திதா ராமுலுவைப் பார்த்தே விளக்கினாள். "இங்க ரெண்டு கம்ப்யூட்டருங்கண்ணா. முன்கூடத்துல ஒண்ணு, அதுக்கு முன்வாசல்னு பேரு. உள்ளறைல ஒண்ணு. வெளியிலிருந்து வர்றவங்க முன்வாசலோட நின்னுருவாங்க. பூட்டு எல்லாம் அதுவரைக்கும்தான். முன்வாசல் பூட்டைக் கழட்டி வெச்சுட்டு, காயிதத்த மட்டும் எடுத்துட்டுத் தாழ்வாரத்துல நடந்து உள்ளறைக்குப் போகும்."

"சரி அம்மணி."

"உள்ளறை இன்னைக்கு வரைக்கும் வெளியாளைப் பாத்ததே கிடையாது. அதுக்குத் தெரிஞ்சு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுதான். முன்வாசல். அதுவும் வெறுங்கையோட, பூட்டு இல்லாம வர்ற ஆளு. அதனால யாரு வந்தாலும், 'நீ பூட்டில்லாம வந்தே, பூட்டோட வா'ங்குது. திரும்பி வர்றதுக்கு வழி எழுதிக் குடுக்கறப்பவும் தனக்குத் தெரிஞ்ச வழியத்தான் எழுதும். தாழ்வாரத்துல பூட்டு ஏது? அதனால பூட்டில்லாத வழிய எழுதிக் குடுக்குது."

"நம்ம செயலரய்யா மாதிரின்னு சொல்லுங்க. பியூனைத் தவிர யாரையும் பாக்கறதில்ல."

நந்திதா சிரிப்பை அடக்கப் போய் இருமினாள். செயலர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"இதைச் சரிபண்ண ரெண்டு வரி போதும் சார்" என்றாள். "முன்வாசல் உள்ள போறப்ப ஒரு சின்னச் சீட்டு எடுத்துட்டுப் போகட்டும். 'இவர் பூட்டுள்ள வழியாக வந்தார்'னு. உள்ளறை அதைப் படிச்சுட்டு, வழி எழுதறப்பப் பூட்டுள்ள வழியா எழுதும். அவ்வளவுதான்."

"சீட்டா?" செயலர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கையெழுத்து யார் போடுவது?"

"முன்வாசல்தான் சார்."

"அது கெஜட்டட் ஆபீசரா?"

"அது கம்ப்யூட்டர் சார்."

"அப்படியானால் அதன் வாக்குமூலத்தை இந்த வாரியம் எந்த முகாந்திரத்தில் ஏற்பது? நாளைக்குப் பொதுமக்களே இப்படி ஒரு சீட்டை எழுதிக்கொண்டு வந்தால்?"

"வெளியிலிருந்து வர்ற சீட்ட முன்வாசல் கிழிச்சுப் போட்டுரணும் சார். தானா எழுதினத மட்டும்தான் உள்ள கொண்டு போகணும்."

செயலரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "பொதுமக்கள் எழுதினால் கிழிக்க வேண்டும், அலுவலகம் எழுதினால் நம்ப வேண்டும். இப்போதுதானம்மா இது நிர்வாகம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் கெஜட்டட் இல்லை. கோப்பு மேல்நடவடிக்கைக்கு வைக்கப்படும்."

ராமுலு பம்பை ஓட்டிக் காட்டினார். தண்ணீர் பீய்ச்சியது. "இதுக்குச் சான்று வேண்டாங்களா?" என்று கேட்டார். செயலர் கை கழுவப் போய்விட்டார்.

புதன்கிழமை செயலர் தாமே ஒரு தீர்வு கண்டுபிடித்தார். தாழ்வாரத்தில் பூட்டு இல்லாததுதானே கோளாறு? திண்டுக்கல்லிலிருந்து ஏழு லீவர் பூட்டு ஒன்று வரவழைத்து, முன்கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே இருந்த கதவில் மாட்டினார். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கதவை இழுத்துச் சாத்தினார்கள். அதில் நசுங்கியது எலுமிச்சம்பழம் மட்டுமல்ல. இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடிய வயரும்தான். அன்று மாலைவரை வாரியத்துக்குள் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. "வாரியத்தின் வரலாற்றிலேயே மிகப் பாதுகாப்பான நாள்" என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

நந்திதா புது வயரோடு வந்தபோது, குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கும் சாக்கில் ராமுலுவும் வந்து நின்றார்.

"அம்மணி, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டே நாளுதான் இருக்குது. நாப்பது பம்புங்க. என்ற பேரு போட்ட மொதப் பம்பு. ஏதாச்சும் பண்ணுங்க."

"மிஷின எப்ப வேணா சரி பண்ணிரலாங்கண்ணா. சார்தான் கெஜட்டட் இல்லீங்கறாரு."

"இல்லீன்னா ஆக்கிப் போடச் சொல்லுங்க!" எரிச்சலில்தான் சொன்னார் ராமுலு. "இந்த ஆபீஸ்ல எத்தன பேரு ஒண்ணும் பண்ணாமலே ஆபீசர் ஆயிருக்கறாங்க. இது பாவம் காயிதமாச்சும் சுமக்குது."

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற செயலர் இதைக் கேட்டார். கிண்டல் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆலோசனை என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் குழு கூடியது. முன்வாசல் கம்ப்யூட்டரை இரண்டாம் நிலை அலுவலராக (பொறுப்பு) நியமித்து ஆணை பிறந்தது. பணிப்பதிவேடு திறந்தார்கள். பிறந்த தேதி, வாங்கின பில்லின் தேதி. தகப்பனார் பெயர், விற்ற கடைக்காரர் பெயர். அங்க அடையாளம், இடது பக்கம் ஒரு கீறல். வயது ஒன்றரை ஆகிறதே, பதினெட்டு நிரம்பவில்லையே என்று ஒருவர் ஆட்சேபித்தார். விசேஷ நேர்வாகக் கருதி வயது தளர்வு கொடுத்தார்கள். உடற்தகுதிச் சான்றுக்கு டாக்டர் வந்து, ஸ்டெதாஸ்கோப்பை விசிறியின் மேல் வைத்துக் கேட்டு, "மூச்சு சீராக இருக்கிறது, லேசாக உஷ்ணம்" என்று எழுதினார். சுழல் நாற்காலி ஒன்று கொடுத்து, அதன்மேல் கம்ப்யூட்டரை ஏற்றி உட்கார வைத்தார்கள். பக்கத்து மேஜையில் இருந்த உதவியாளர், பதினாறு வருஷமாக அந்தப் பதவிக்குக் காத்திருந்தவர், எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் நந்திதா தன்னுடைய இரண்டு வரியை எழுதினாள். நாலரை மணிக்குக் கதிர்வேலின் கடையில், புது எலியின் பொத்தானை ராமுலு தாமே அழுத்தினார். மூலையில் பூட்டு அசையவில்லை. அடுத்த பக்கம் வந்தது, பூட்டோடு. அதற்கடுத்த பக்கம், அதுவும் பூட்டோடு. "உள்ள போயிட்டமுங்கண்ணா!" என்று கதிர்வேல் துள்ளினார். பக்கத்துத் தடுப்பில் கம்ப்யூட்டரில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடக் கை தட்டினார். நாலு நாற்பதுக்குச் சான்றிதழ் பிரிண்டரிலிருந்து எட்டிப் பார்த்தது. முத்திரை வந்தது, எண் வந்தது, "மேற்படி பம்பு தண்ணீர் இறைக்கும்" என்ற வாசகம் வந்தது. கடைசியாகத் தயாரிப்பாளர் பெயர் வந்தது.

முன்வாசல்.

ராமுலு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். நாலு ஐம்பதுக்கு ஸ்பானரைக் காட்டி உள்ளே நுழைந்தார்.

"ஏனுங்க சார், என்ற பேரு எங்கீங்க?"

செயலர் அறிவிக்கையைப் புரட்டினார். அதில் பதினேழாவது பத்தி என்று ஒன்று இருந்தது. அதை எழுதியவர் உள்பட யாரும் அதுவரை படித்திருக்கவில்லை. தரகர்களையும் பினாமிகளையும் ஒழிக்கும் பொருட்டு, படிவத்தில் எழுதிய பெயர் கருத்தில் கொள்ளப்பட மாட்டாது. உள்ளறைக்கு எவர் நேரில் வந்தாரோ அவர் பெயரிலேயே சான்று வழங்கப்படும்.

"உள்ளறைக்கு வந்தது யார்?" என்று கேட்டார் செயலர்.

"முன்வாசலுங்க. ஆனா அது எனக்காக வந்துச்சுங்க!"

"அதாவது பினாமி என்கிறீர்கள். ஓர் அரசு அலுவலரைப் பார்த்து!"

நந்திதா குறுக்கே வந்தாள். "சார், சீட்டுல இன்னொரு வரி சேத்துட்டாப் போதும் சார். யாரு அனுப்பினாங்கன்னு பேரை எழுதிரலாம்."

"தாராளமாக. பெயர்த் திருத்தத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டு. சான்று பெற்றவர் தாமே கோர வேண்டும்." செயலர் சுழல் நாற்காலிப் பக்கம் திரும்பி மரியாதையாக ஒரு நிமிஷம் காத்திருந்தார். விசிறி ஓடியது. "அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை போலிருக்கிறது."

மணி ஐந்தடிக்க ஆறு நிமிஷம். சங்கத்தின் ஆள் சான்றை வாங்கிப் போகத் தெருவிலேயே நின்றிருந்தார். சான்றைப் பார்த்தார். "முன்வாசல். நல்லாருக்குதுங்க, ராசியான பேரு. பம்புலயும் அதே பேருதானுங்களே?" என்று கேட்டார்.

ராமுலு ஸ்கூட்டரைக் கிளப்பினார். "காத்தால லாரி வர்றப்ப இருக்குமுங்க" என்றார்.

விடிகிறவரைக்கும் கணபதியில் கிரைண்டர் சத்தம் ஓயவில்லை. நாற்பது பம்பிலும் புடைத்து நின்ற பெயரை ராமுலு தன் கையாலேயே தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, 'முன்வாசல்' என்று தகடு அறைந்தார். பங்காரம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.  

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊர் அறிந்தது. ஒரு வருஷத்துக்குள் முந்நூற்றுப் பதினோரு பட்டறைக்காரர்கள் சான்று வாங்கினார்கள். முந்நூற்றுப் பதினொன்றும் முன்வாசல் பெயரில். போத்தனூரிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் முன்வாசல் பம்பு தவிர வேறு பம்பு கிடையாது. "ஒரே ஆளு இத்தனை பம்பு செய்யறாருன்னா சும்மாவா?" என்று விவசாயிகள் மெச்சினார்கள். சிறந்த தொழிலதிபர் விருது முன்வாசலுக்கே கிடைத்தது. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். காற்றுப் போகிற ஓட்டை மூடிக்கொண்டு உஷ்ணம் ஏறி, விருதாளர் இரண்டு நாள் மருத்துவ விடுப்பில் போனார். அந்த இரண்டு நாளும் வாரியம் கதவடைத்தது.

ராமுலுவுக்கும் வியாபாரம் குறைவில்லை. முன்வாசல் பம்பு முதன்முதலில் அவர் பட்டறையிலிருந்துதான் போனது என்பதால் அவருக்குத் தனி மவுசு. பட்டறை வாசலில் பலகை எழுதி வைத்தார்: 'ஒரிஜினல் முன்வாசல். வேறு கிளைகள் கிடையாது.' பங்காரம்மா அந்தப் பலகையைத் தினமும் துடைத்தாள். நந்திதா ஒருமுறை அந்த வழியாக வந்தபோது, "அண்ணா, இப்பப் பேரு மாத்திக்கலாங்கண்ணா. வாரியத்துல அந்த வரியச் சேத்தியாச்சு" என்று சொன்னாள்.

"மெல்லப் பேசுங்க அம்மணி" என்றார் ராமுலு. "பக்கத்துப் பட்டறைக்காரன் காதுல உழுந்துறப் போகுது. அப்புறம் இந்த 'ஒரிஜினல்' பலகைய அவன் மாட்டிக்குவான்."

மறுவருஷம் கார்த்திகையில் சத்தியமங்கலத்திலிருந்து ஆறுச்சாமி என்ற விவசாயி, ஒரு பம்பை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, 'ஒரிஜினல்' பலகையைப் பார்த்து ராமுலுவின் பட்டறை வாசலில் இறக்கினார். முகத்தில் கோபம். வாழைத் தோப்புக்குக் குழி வெட்டும்போது மண்வெட்டி பட்டு, பச்சைப் பெயிண்ட் ஓரிடத்தில் உரிந்திருந்தது. அவசரத்தில் சரியாகத் தேயாத வார்ப்பு. உற்றுப் பார்த்தால் மூன்று எழுத்து நிழல் மாதிரி தெரிந்தது.

"ஏனுங்க, இங்க பாருங்க. மேல முன்வாசல்னு போட்டுருக்குது, அடியில ராமுலுன்னு எவனோ ஒருத்தன் பேரு இருக்குது. என்னைய ஏமாத்திப் போட்டாங்களாட்ட இருக்குதுங்களே?"

ராமுலு குனிந்து, அந்த எழுத்துகளை விரலால் தடவினார். ஒருமுறை தடவிவிட்டு, மறுமுறையும் தடவினார்.

"பம்பு எப்படீங்க ஓடுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓட்டத்துல ஒரு குத்தஞ் சொல்ல முடியாதுங்க. ஒரு நாளு நின்னதில்ல. அதுக்காகப் போலிய வெச்சுட்டு இருக்க முடியுங்களா?"

பட்டறைக்குள் லேத்து ஓடுவது நின்றது. பங்காரம்மா வாசலுக்கு வந்து புருஷனையே பார்த்தாள். ராமுலு நிமிர்ந்து, இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு, தன் பலகையை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க சொல்றது செரிதானுங்க. இது டூப்ளிகேட்டு" என்றார். "உட்டுட்டுப் போங்க, ஒரிஜினல் மாத்திக் குடுத்தர்றேன். அந்த ராமுலுங்கறவன் எங்க இருக்கறான்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. வாரியத்துல கம்ப்ளெய்ண்ட் குடுத்துப்போடலாம்."